கையொப்பமும் காணிக்கையும்

மனமுவந்து கொடுப்பதைக் கொடை என்கிறோம். கேட்டபின் கொடுப்பதை நன்கொடை என்கிறோம். மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தோடு ஒருவர் கொடுப்பதை எப்பெயரால் அழைப்பது?

நம் பங்குகளின் வெள்ளிவிழா, பொன்விழா, நூற்றாண்டு விழா மலர்களைப் புரட்டும்போதெல்லாம் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகிறது. ஆயர்களின் படங்கள், பங்குத்தந்தையரின் வரிசை, அருள்சகோதரியரின் தொண்டு ஆகியவற்றுக்குப் பின், பெரும்பாலும் இறுதிப் பக்கங்களில், பழைய ஆசிரியப் பெருமக்களைக் குறித்து ஒரு பத்தி இருக்கும். குறைந்த ஊதியத்தில் நிறைந்த பணி ஆற்றியவர்கள் என்று அப்பத்தி அவர்களைப் போற்றும். அதன்பின் விளம்பரங்கள் தொடங்கிவிடும்.

அப்போற்றுதல் பொய்யன்று. எனினும் அது உண்மையின் பாதியே. ஊதியம் குறைந்திருந்தது என்றால், அதை அவர்களே குறைத்துக்கொண்டார்களா, பிறர் குறைத்தார்களா? அவர்கள் தியாகம் செய்தார்களா, அல்லது அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டதற்கு நாம் பின்னாளில் தியாகம் என்று பெயர் சூட்டினோமா? இறந்தவர்கள் விடை சொல்ல வரமாட்டார்கள். ஆகவே நாமே நேர்மையோடு சிந்தித்தல் வேண்டும்.

வேதியர் வழிவந்த வாத்தியார்

தமிழகத்துக் கத்தோலிக்க ஆசிரியரின் முன்னோர் வேதியரே. மதுரை மறைப்பணித் தளத்தில் குருக்கள் மிகச் சிலராகவும் ஊர்கள் மிகப் பலவாகவும் இருந்த காலத்தில், விசுவாசத்தை அணையாது காத்தவர்கள் வேதியர்கள். வீரமாமுனிவர் அவர்களுக்கெனவே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார் என்பதிலிருந்து அப்பணியின் சிறப்பை உணரலாம். 1838-இல் இயேசு சபையினர் மதுரைத் தளத்திற்கு மீண்டு வந்த பின்னரும், கிராமங்களில் திருச்சபையின் முகமாக விளங்கியவர் உபதேசியாரே.

1854-ஆம் ஆண்டில் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறைக்கு வழிவகுத்தது. அதன்பின் உபதேசியாரும் வாத்தியாரும் பல ஊர்களில் ஒரே ஆளாயினர். வார நாள்களில் பள்ளியாகவும் ஞாயிறன்று ஆலயமாகவும் பயன்பட்ட ஓலைக் கொட்டகையில், பீடத்தை ஒரு திரை மறைத்திருக்க, திரைக்கு இப்பால் ஐந்து வகுப்புகள் நடைபெற்றன. ஓராசிரியர் பள்ளியாயின் ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவரே. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்க, முதல் வகுப்பு மணலில் எழுத, ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு, அவர் இரண்டாம் வகுப்பின் சிலேட்டுகளைத் திருத்துவார்.

பள்ளி நேரம் அவரது நாளின் ஒரு பகுதியே. விடியலில் மூவேளைச் செபத்துக்கு மணியடித்தவர் அவர். மாலையில் செபமாலைக்கு முன்னுரைத்தவர் அவர். சிறுவருக்கு ஞானோபதேசம், திருமண ஓலை வாசித்தல், ஆபத்துக் காலத்தில் குழந்தைக்குத் திருமுழுக்கு, சாகக் கிடப்பவர் அருகில் செபம், குரு வந்து சேர இயலாத நாளில் அடக்கச் சடங்கு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாடகம், பாஸ்காவுக்கு ஒத்திகை என ஊரின் ஆண்டு முழுவதும் அவர் தோள்மேல் நின்றது. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன மகனுக்குத் தாய் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதியவரும் அவரே. வந்த கடிதத்தைப் படித்துக் காட்டி, அதிலிருந்த துயரச் செய்தியை மெல்லச் சொன்னவரும் அவரே. இப்பணிகளுக்கெல்லாம் தனி ஊதியம் இல்லை. அறுவடைக் காலத்தில் நெல்லோ கேழ்வரகோ சிலர் அளந்தனர். அது வழக்கம், உரிமையன்று.

ஆண்டுக்கொரு முறை பள்ளி ஆய்வாளர் வந்தார். தேர்வில் பிள்ளைகள் பெறும் வெற்றியைப் பொறுத்தே மானியம் என்ற முறையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் இருந்தது. அம்மை கண்ட ஆண்டிலும், பஞ்சத்தால் பிள்ளைகள் ஆடு மேய்க்கச் சென்ற ஆண்டிலும், மானியம் குறையும் என்ற கவலையைச் சுமந்தவர் ஆசிரியர். பிள்ளையைத் தேடி வயலுக்கும் கண்மாய்க்கும் அவர் நடந்ததற்கு அன்பும் ஒரு காரணம். வயிறும் ஒரு காரணம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1956 முதல் மதிய உணவு பள்ளிக்கு வந்தபோது, அரிசியை அளப்பதும் விறகுக்கு வழி தேடுவதும் கணக்கு எழுதுவதும் அவர் வேலையில் சேர்ந்தன. பசித்த பிள்ளை உண்பதைக் காணும் மகிழ்ச்சியில் அவர்கள் அதனைச் சுமையென எண்ணவில்லை என்றே நாம் அறிந்த முதியோர் கூறுவர்.

உயர்நிலைப் பள்ளிகளில் வேறொரு தாழ்வு இருந்தது. தமிழாசிரியருக்கு ஊதியமும் மதிப்பும் ஆங்கிலம் கற்பித்தவரைவிடக் குறைவு. ஆயினும் தனிநாயகம் அடிகள் 1940-களின் முற்பகுதியில் வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றிய காலத்தில்தான், அங்கிருந்த ஒரு தமிழாசிரியரிடம் தமிழை முறையாகக் கற்றார். பின்னாளில் உலகத் தமிழ் ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்ட ஓர் அறிஞரின் தமிழறிவு, ஒரு சிற்றூர்ப் பள்ளியின் தமிழாசிரியர் முன் அமர்ந்து பெற்றதாகும். கொடுத்தவருக்கு வந்த ஊதியத்தையும் கொடுக்கப்பட்ட செல்வத்தையும் எந்தத் தராசில் ஒப்பிடுவது?

பட்டியலில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை

இனி, கூறுவதற்குக் கடினமான செய்திக்கு வருவோம். மானியம் பெற்ற தனியார் பள்ளிகள் பலவற்றில், ஆசிரியர் ஊதியப் பட்டியலில் வருவாய் முத்திரையின் மேல் கையொப்பமிட்ட தொகை ஒன்று. அவர் வீட்டுக்குக் கொண்டு சென்ற தொகை மற்றொன்று. இடைப்பட்ட பணம் பள்ளி நிதி என்றோ, கட்டட நிதி என்றோ, கோவில் காணிக்கை என்றோ பிடிக்கப்பட்டது. கத்தோலிக்கப் பள்ளிகளில் மட்டும் நடந்ததன்று இது. கத்தோலிக்கப் பள்ளிகள் அனைத்திலும் நடந்ததும் அன்று. ஆனால் தனியார் பள்ளிகளின் உலகம் அறிந்திருந்த வழக்கம். நம்முள்ளும் இருந்த வழக்கம்.

அவ்வழக்கம் பேராசையால் மட்டும் பிறந்ததென்று சொல்வது அநீதி. மானியம் ஊதியத்தின் ஒரு பகுதியையே ஈடுசெய்த காலம் உண்டு. கட்டடத்துக்கும் பலகைக்கும் பணம் இல்லை. ஏழைப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்க மனம் இல்லை. அரசு ஒப்புதல் தராத இரண்டாம் ஆசிரியருக்கு எங்கிருந்தாவது கொடுக்க வேண்டும். தாளாளராக இருந்த பங்குத்தந்தையரில் பலர் தாமே கஞ்சி குடித்து, மிதிவண்டியில் கிளைக் கிராமங்களைச் சுற்றியவர்கள். அவர்கள் தம் பையை நிரப்பவில்லை. அவர்கள் எழுப்பிய பள்ளிகளில் படித்தே நம் மக்கள் நிமிர்ந்தனர். இதனை மறந்து எழுதினால் நாம் நன்றி கெட்டவராவோம்.

ஆயினும் நல்ல நோக்கம் ஒரு செயலை முழுவதும் நல்லதாக்கிவிடுமா என்பதே அறநெறியின் பழைய கேள்வி. இவ்வழக்கத்திற்குக் கூறப்படும் நியாயங்கள் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

மூன்று நியாயங்கள்

முதலாவது, பணம் யாருடைய பைக்கும் போகவில்லை, பிள்ளைகளுக்கே போயிற்று என்பது. இது வலிமையான நியாயம். ஆனால், அநீதியாய்க் கிடைத்த பொருளிலிருந்து ஒருவர் தருமம் செய்யலாமா என்ற கேள்வியைப் புனித அக்குவினாஸ் தோமையார் தம் இறையியல் தொகுப்பில் தனியே ஆராய்கிறார். உரியவர் இன்னார் என்று தெரிந்திருக்கையில், பொருள் அவருக்கே திரும்ப வேண்டும் என்பது அறநெறியின் தெளிவான போதனை. எரேமியா இறைவாக்கினர், யோயாக்கிம் அரசனைக் கடிந்தபோது, அடுத்தவரிடம் கூலியின்றி வேலை வாங்கி மாளிகை எழுப்புவதையே அவனது குற்றமாகச் சுட்டினார். நாம் எழுப்பியது மாளிகையன்று, பள்ளி. வேறுபாடு பெரிது. எனினும் கூலி யாருடையது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே. திருச்சபைச் சட்டத்தொகுப்பும், குறித்த ஒரு நோக்கத்துக்காக நம்பிக்கையாளர் தரும் காணிக்கையை அந்நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஆசிரியரின் ஊதியம் என்று குறித்துத் தரப்பட்ட பணத்துக்கு இவ்விதியின் கருத்து பொருந்தாதா?

இரண்டாவது, அவர்கள் சம்மதித்துத்தானே கையொப்பமிட்டார்கள் என்பது. இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில், வறுமையாலோ அதைவிடக் கொடிய தீங்குக்கு அஞ்சியோ தொழிலாளி ஏற்கும் ஒப்பந்தம் உண்மையான உடன்பாடு ஆகாது, அவர் வன்முறைக்கு ஆளானவரே என்று கற்பித்தார். நம் ஆசிரியரின் நிலையை எண்ணுக. பங்குத்தந்தை அவருக்கு ஊதியம் தருபவர். அவரை வேறு ஊருக்கு மாற்றத்தக்கவர். அவரது மகளின் திருமணத்தை நடத்துபவர். அவரது பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பவர். அவரது பெற்றோரை அடக்கம் செய்தவர். ஒரே மனிதர் இத்தனை வாயில்களிலும் நிற்கும்போது, எந்த வாயில் வழியாக ஆசிரியர் 'முடியாது' என்று சொல்லிவிட்டு வெளியேறுவார்?

தலித் கத்தோலிக்க ஆசிரியருக்கு இக்கட்டு இன்னும் இறுகியது. குடும்பத்திலேயே முதன்முதலாக மாதச் சம்பளம் கண்டவர் அவராக இருந்தார். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்துகளைப் பட்டியல் சாதியினருக்கான உரிமைகளிலிருந்து விலக்கியதால், அரசுப் பணியின் அக்கதவும் அவருக்கு அடைபட்டது. திருச்சபையின் பள்ளியை விட்டால் அவருக்கு மீண்டும் வயலே கதி. அப்படிப்பட்டவரின் கையொப்பத்தைச் சம்மதம் என்று மட்டும் படிப்பது, எழுத்தறிந்தவர் செய்யும் தவறு.

மூன்றாவது, ஆசிரியப் பணி அழைத்தல், அதைக் கூலியால் அளக்கலாகாது என்பது. இது உயர்ந்த நியாயம். ஆகவே ஆபத்தான நியாயம். இதற்கு விடையாக ஒரு புனிதரின் வாழ்வையே காட்டலாம்.

ரெய்ம்ஸ் நகரத்து ஆசிரியர்கள்

ஆசிரியர்களின் பாதுகாவலரென 1950-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அறிவித்த புனித தெ லா சால், 1651-இல் பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அந்நகரப் பேராலயத்தில் வருவாய் மிக்க 'கேனன்' பதவி வகித்த குரு. ஏழைச் சிறுவரின் பள்ளிகளுக்காக அவர் சேர்த்த ஆசிரியர்கள் நாளைய தினத்தை எண்ணிக் கலங்கினர். நோயும் முதுமையும் வந்தால் யார் காப்பார் என்று கேட்டனர். வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் காட்டி, இறைப் பராமரிப்பில் நம்பிக்கை வையுங்கள் என்று அவர் போதித்தார். அவர்களோ, உமக்குப் பதவியின் வருமானமும் குடும்பச் சொத்தும் உண்டு, பள்ளி மூடினாலும் உமக்குக் குறைவில்லை, நாங்கள்தாம் தெருவில் நிற்போம் என்ற பொருள்பட விடையளித்தனர்.

அச்சொல்லை அவர் கீழ்ப்படியாமை என்று கொள்ளவில்லை. விசுவாசக் குறைவு என்றும் கடியவில்லை. அதில் உண்மை இருப்பதைக் கண்டார். 1683-இல் பதவியைத் துறந்தார். அதனை அடுத்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்கு உணவாகப் பகிர்ந்தளித்தார். பின்னரே அவர்களோடு ஒருவராக நின்று, நம்பிக்கையைப் பற்றிப் பேசினார்.

பிறருக்குத் தியாகத்தைப் போதிக்க வேண்டுமாயின் அவரோடு ஒரே நிலத்தில் நிற்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். குருவும் துறவியரும் வறுமையில் வாழ்ந்தது மெய்யே. ஆயினும் குருவின் வறுமைக்குப் பின்னால் மறைமாவட்டம் இருந்தது. துறவியின் வறுமைக்குப் பின்னால் சபை இருந்தது. நோயுற்றால் படுக்கையும், முதுமையில் கூரையும், இறந்தால் கல்லறையும் உறுதி. ஆசிரியரின் வறுமைக்குப் பின்னால் இருந்தவர்கள் அவருடைய மனைவியும் ஐந்தாறு பிள்ளைகளுமே. நாம் தேர்ந்துகொண்ட எளிமையும் அவர் மேல் விழுந்த ஏழ்மையும் ஒன்றல்ல.

கைம்பெண்ணின் காசுக்கு முந்திய வசனம்

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணை நாம் மறையுரையில் அடிக்கடி போற்றுகிறோம். ஆசிரியப் பெருமக்களின் கொடையையும் அக்காசுகளுக்கு ஒப்பிடுகிறோம். பொருத்தமான ஒப்புமையே. ஆனால் மாற்கு நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் அந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர் இயேசு என்ன சொல்லியிருக்கிறார் என்று படித்தால் நெஞ்சம் துணுக்குறும். நீண்ட நேரம் இறைவேண்டல் செய்வதாகக் காட்டிக்கொண்டு கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரை அவர் அங்கே கண்டிக்கிறார். அடுத்த காட்சியில் ஒரு கைம்பெண் தன்னிடம் இருந்த அனைத்தையும் கோவிலுக்குக் கொடுக்கிறார். ஆண்டவர் அப்பெண்ணைப் போற்றினார். அப்பெண்ணை அந்நிலைக்குக் கொண்டுவந்தவர்களைப் போற்றவில்லை.

இவ்விரண்டு வசனங்களையும் சேர்த்துப் படிப்பதே நம் கேள்விக்கு வழிகாட்டும். கொடுத்தவரின் அன்பு மெய்யானது; அதனால் எடுத்தவரின் செயல் நேரியது ஆகிவிடாது. எடுத்த செயல் பிழையானது; அதனால் கொடுத்தவரின் அன்பு பொய்யாகிவிடாது. ஒன்றைக் காக்க மற்றொன்றை மறுக்க வேண்டியதில்லை.

சிலர் இன்று மறுகோடிக்குச் செல்கின்றனர். அவ்வாசிரியர்கள் ஏமாற்றப்பட்ட அப்பாவிகள், அவ்வளவே என்கின்றனர். இதுவும் அவர்களுக்கு இழைக்கும் அநீதியே. இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் எட்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயாரித்ததும், காய்ச்சலில் கிடந்த சிறுவனைத் தோளில் சுமந்து மருத்துவமனைக்கு நடந்ததும் எவரும் அவர்களிடமிருந்து பிடித்துக்கொண்டவை அல்ல. அவற்றை அவர்கள் கொடுத்தார்கள்.

கேட்டிருந்தால்

முதல் வெள்ளியன்று நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் வழியில், தொண்ணூறு வயதை எட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைச் சந்திப்பது நம் வழக்கம். ஒருநாள் பேச்சு பழைய காலத்துச் சம்பளத்தின் பக்கம் திரும்பியது. “டீச்சரம்மா, அந்த நாளில் சம்பளத்தில் பிடித்தார்களே, உங்களுக்கு வருத்தம் இல்லையா?” என்று கேட்டோம்.

“கோவில் கட்டத்தானே சாமி பிடிச்சாங்க. அந்த மணிக்கூண்டப் பாக்கறப்ப நம்ம காசும் அதுல இருக்குன்னு நினைச்சுக்குவேன். வருத்தமெல்லாம் இல்ல” என்றார். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “ஆனா கேட்டிருக்கலாம் சாமி. கேட்டிருந்தா நாங்களே கொடுத்திருப்போம். கேக்காம எடுத்ததுனால, கொடுத்தோம்னு சொல்லிக்கவும் முடியல, எடுத்தாங்கன்னு சொல்லவும் வாய் வரல” என்றார்.

நாம் அறநெறி நூல்களில் பல பக்கங்களில் படித்ததை அம்முதியவர் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார். கேளாமல் எடுத்ததால் அவர்கள் இழந்தது பணம் மட்டுமன்று. கொடுக்கும் உரிமையையே இழந்தார்கள். கொடை என்பது மனிதர் தம் உரிமைப் பொருளைக் கொண்டு செய்யும் செயல். ஊதியத்தை முழுமையாகக் கையில் பெற்றவரே அதிலிருந்து காணிக்கை இடமுடியும். கையில் வராத பணத்தைக் காணிக்கை என்று நாம் எழுதிக்கொண்டால், அவருடைய பெயரால் நாமே கொடுத்து, நாமே பெற்று, நாமே நன்றியும் சொல்லிக்கொள்கிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய ஏடு இதனை நேராகவே சொல்கிறது: நீதியின்படி தர வேண்டியதை அன்பின் கொடையாகக் காட்டிக்கொள்ளாதவாறு, முதலில் நீதியின் கடனைத் தீர்க்க வேண்டும். இது வாங்குவோருக்கும் பொருந்தும். நீதியின்படி ஒருவருக்கு உரியதை எடுத்துக்கொண்டு, அவர் தந்த கொடை என்று எழுதலாகாது.

விவிலியத்தில் தாவீது அரசன் இதனை அறிந்திருந்தான். கொள்ளைநோயின் நாளில் அரவுனாவின் களத்தில் பலிபீடம் எழுப்ப வந்தபோது, அரவுனா களத்தையும் மாடுகளையும் விறகையும் இலவசமாகவே தர முன்வந்தான். குடிமகன் அரசனுக்கு எப்படி மறுப்பான்? தாவீது அதனை ஏற்கவில்லை. விலையின்றிக் கிடைத்ததை ஆண்டவருக்குப் பலியாக்க மாட்டேன் என்று கூறி, ஐம்பது வெள்ளிக் காசுகளை எண்ணிக் கொடுத்தே வாங்கினான். பின்னாளில் சாலமோனின் திருக்கோவில் எழுந்தது அந்தக் களத்தில்தான். எளியவர் தருகிறேன் என்று சொன்ன போதும் விலை கொடுத்து வாங்கப்பட்ட நிலத்தின் மேல் ஆண்டவரின் இல்லம் நின்றது.

வெளியிலிருந்து வந்த நீதி

நம் ஆசிரியர்களின் நிலை எவ்வாறு மாறியது? வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் இணைந்த திட்டம் 1955-இல் சென்னை மாநிலத்தில் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு வந்தது. 1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், விசாரணையின்றி ஆசிரியரை நீக்குவதற்குத் தடை விதித்தது. ஆசிரியர் சங்கங்கள் போராடின. ஊதியம் மெல்ல மெல்லக் கருவூலத்தின் வழியாக நேரே ஆசிரியர் கைக்கு வரலாயிற்று.

அண்டை மாநிலமான கேரளத்தில் இம்மாற்றம் புயலோடு வந்தது. 1957-இல் கல்வி மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் ஜோசப் முண்டசேரி கத்தோலிக்கர். கத்தோலிக்கக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். ஆசிரியருக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்குதல் அம்மசோதாவின் ஒரு கூறு. நியமனத்தில் அரசின் தலையீடு, பள்ளிகளை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் ஆகியவற்றை அஞ்சித் திருச்சபை எதிர்த்தது. 1959 ஜூலை 31 அன்று அவ்வரசு நீக்கப்பட்டது. திருச்சபையின் அச்சம் ஆதாரமற்றதன்று. சிறுபான்மையினரின் பள்ளிகளைக் காக்கும் அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இல்லையேல், நம் பள்ளிகள் பல இன்று இருந்திரா. ஆனால் அதே மசோதா பற்றி 1958-இல் கருத்துரைத்த உச்ச நீதிமன்றம், நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்றும் தெளிவுபடுத்தியது. தில்லியில் உதவிபெறாத சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியம் குறித்த வழக்கில் 1986-இல் அந்நீதிமன்றம், ஆசிரியருக்குக் குறைவாகக் கொடுப்பது சிறுபான்மை உரிமையின் பகுதியன்று என்னும் பொருள்படத் தீர்ப்பளித்தது.

இங்கு நம்மை வருத்துவது ஒன்று உண்டு. இந்நீதிக்கான போதனை நம்மிடம் முன்னரே இருந்தது. 1891-இன் சுற்றுமடல் நம் குருமடங்களில் கற்பிக்கப்பட்டது. 1971-இல் ஆயர் மாமன்றம் 'உலகில் நீதி' என்னும் ஏட்டில், நீதியைப் பற்றிப் பேசத் துணிபவர் முதலில் தம் மக்களின் பார்வையில் நீதியுள்ளவராய் இருக்க வேண்டும் என்றும், திருச்சபையில் உழைப்போருக்குப் போதிய வாழ்வாதாரம் வேண்டும் என்றும் கூறியது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், பணியாளருக்கு நேர்மையான ஊதியம் வழங்குவதையும் நாட்டின் தொழிலாளர் சட்டங்களைப் பின்பற்றுவதையும் சொத்து நிர்வாகிகளின் கடமையாக விதித்தது. விளக்கு நம் வீட்டில் இருந்தது. ஆயினும் இவ்விடயத்தில் வெளிச்சம் பெரும்பாலும் தெருவிலிருந்தே வந்தது.

இன்றைய வகுப்பறை

இறந்தவர்களைப் பற்றிய கேள்வி இருப்பவர்களைப் பற்றிய கேள்வியாகவே முடியும். அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு இன்று சட்டத்தின் காவல் உண்டு. நம் சுயநிதிப் பள்ளிகளில் கற்பிப்போரின் நிலை என்ன? அவர்களில் பலர் இளம்பெண்கள். பட்டமும் பயிற்சியும் பெற்றவர்கள். காலையில் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, மாலையில் ஏடுகளைச் சுமந்து வீடு திரும்புகிறவர்கள். சில பள்ளிகளில் கோடை விடுமுறைக்கு ஊதியம் இல்லை. சில நிர்வாகங்கள் மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. அவர்களிடமும் நாம் அழைத்தலைப் பற்றிப் பேசுகிறோம். ஆசிரியர் தின விழாவில் ஒரு சிறு பரிசும் தருகிறோம்.

நிர்வாகத்தை மட்டும் குறைகூறுவதில் பயனில்லை. பெற்றோராகிய இறைமக்களும் இதில் பங்குடையவர்களே. கட்டணம் உயரலாகாது, கட்டடம் உயர வேண்டும், மதிப்பெண் குறையலாகாது என்று மூன்றையும் ஒருசேரக் கேட்கும்போது, இடையில் நசுங்குவது யாருடைய ஊதியம் என்று நாம் வினவுவதில்லை. நூற்றாண்டுக்கு முன் ஓலைக் கொட்டகையில் நடந்த கணக்கு, இன்று பளிங்குத் தரையின் மேல் நடைபெறுகிறது. அன்று வறுமையைக் காரணம் காட்ட முடிந்தது.

ஆகவே பங்குகளில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பங்கின் பள்ளி ஆசிரியருக்கு என்ன ஊதியம் வழங்குகிறது என்பதைப் பங்குப்பேரவை அறிந்திருக்க வேண்டும். கேட்டால் அது அவமதிப்பாகாது. ஆசிரியரிடம் காணிக்கை வேண்டுமாயின், ஊதியத்தை முழுமையாகக் கையில் கொடுத்தபின், மற்ற நம்பிக்கையாளரிடம் கேட்பது போலவே, மறுக்கவும் இடம் வைத்துக் கேட்க வேண்டும். ஓய்வூதியம் இன்றி முதுமையுற்ற பழைய உபதேசியார்களும் ஆசிரியர்களும் எந்தெந்தத் தெருவில் வாழ்கின்றனர் என்று பட்டியல் எடுத்து, மருத்துவச் செலவையேனும் பங்கு ஏற்க வேண்டும். அதற்கு இரக்கநிதி என்று பெயரிடல் ஆகாது. அது கடன்.

இறுதியாக, அடுத்த விழா மலரை எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். அவர்களின் தியாகத்தைப் போற்றும் பத்தி இருக்கட்டும். அதனோடு அவர்களுடைய பெயர்களையும், பணியாற்றிய ஆண்டுகளையும், பழைய பதிவேடுகள் கிடைக்குமாயின் அவர்கள் பெற்ற ஊதியத்தையும் அச்சிடுங்கள். நம் கட்டடங்களின் கல்வெட்டுகளில் நன்கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாதந்தோறும், ஆண்டுக்கணக்கில், தம் ஊதியத்தின் ஒரு பகுதி அச்சுவரில் சேரக் கண்டவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. நவம்பர் மாதத்தில் கல்லறைகளை மந்திரிக்கும்போது, மண்ணில் பதிந்த சிலுவைகளின் மேல் அவர்களின் பெயர்களைச் சில இடங்களில் இன்னும் படிக்க முடிகிறது. எழுத்து அழிவதற்குள் அவற்றைப் பெயர்த்து எழுதிக்கொள்வோம்.